சரிவு நிலத்தில் ஒரு வீடு: பாட்டியின் நடையும் மழைநீரின் வழியும்

பெந்தோங் அருகே அப்பா வாங்கிய நிலத்தைப் பார்க்க முதன்முறையாகக் குடும்பத்தோடு போயிருந்தோம். காரை விட்டு இறங்கியதும் தங்கை கேட்ட முதல் கேள்வி, “நிலம் எங்கப்பா?” என்பதுதான். அவள் கேட்டதில் தவறில்லை. சாலையோரத்தில் நின்றால் கொஞ்சம் புதர் தெரிந்தது. அதற்கு அப்பால் தரை கீழே இறங்கிப் போய்விட்டது.

18 மீட்டர் அகலம், 30 மீட்டர் நீளம். கிழக்கே சாலை. மேற்கே, நிலத்தின் அடிவாரத்தில், ஒரு பொது வடிகால். வடிகாலை ஒட்டி இரண்டு டுரியான் மரங்கள். சமதரையில் இதே அளவு நிலம் எங்கள் வசதிக்கு எட்டாது. சரிவு நிலம் என்பதால்தான் விலை குறைந்தது. இத்தனை ஆண்டுகள் வாடகை வரிசை வீட்டில் இருந்த அப்பா, ஊழியர் சேமநிதியிலிருந்து எடுக்கக்கூடிய பணத்தையும் வங்கிக் கடனையும் நம்பி இந்த முடிவுக்கு வந்தார். வீட்டில் ஐந்து பேர்: 74 வயதுப் பாட்டி, அப்பா, அம்மா, நான், தங்கை.

நான் பாலிடெக்னிக்கில் சிவில் பொறியியல் டிப்ளோமா படிக்கிறேன். அதனால் வீட்டில் எந்த அறை எங்கே வரவேண்டும் என்று முதல் வரைபடம் போடும் வேலை என்னிடம் வந்தது. நான் போட்ட முதல் வரைபடம் தவறாகப் போனது. எங்கே தவறியது, எப்படித் திருத்தினோம் என்பதை இங்கே பகிர்ந்துகொள்கிறேன். வகுப்பில் படிக்கும் கணிதமும் இயற்பியலும் ஒரு குடும்பத்தின் பணத்தோடும் கால்வலியோடும் எப்படிச் சேர்கின்றன என்பதை நான் அப்போதுதான் பார்த்தேன்.

சரிவை அளந்தோம்

நில அளவையாளர் வருவதற்கு முன், நிலம் எவ்வளவு சரிகிறது என்று நாங்களே ஒரு சனிக்கிழமை அளந்து பார்த்தோம். தேவைப்பட்டவை ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் குழாய் ஒன்று, அளவு நாடா, சில மரக்கம்புகள், அவ்வளவுதான். கொத்தனார்கள் காலங்காலமாகச் செய்து வரும் முறை இது. குழாயில் தண்ணீர் நிரப்பி இரு முனைகளையும் தூக்கிப் பிடித்தால், இரண்டு பக்கமும் தண்ணீர் ஒரே மட்டத்தில் நிற்கும். குழாய்க்குள் காற்றுக் குமிழி மட்டும் இருக்கக்கூடாது. இருந்தால் அளவு தவறிவிடும்.

மேல் முனையில் தண்ணீர் தரையிலிருந்து 20 செ.மீ. உயரத்திலும், கீழ் முனையில் 70 செ.மீ. உயரத்திலும் நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த இரண்டு இடங்களுக்கும் இடையே தரை 50 செ.மீ. இறங்கியிருக்கிறது என்று பொருள். இப்படி 2 மீட்டருக்கு ஒரு கம்பு நட்டு, சாலையிலிருந்து வடிகால் வரை அளந்தோம். நாடாவைச் சரிவோடு படுக்க விடாமல், மட்டமாகப் பிடித்து அளக்க வேண்டும் என்பதை மட்டும் மறந்துவிடாதீர்கள்.

முடிவு இப்படி வந்தது. சாலையை ஒட்டிய முதல் 8 மீட்டரில் 0.6 மீட்டர் இறக்கம். நடுவில் 12 மீட்டரில் 3 மீட்டர் இறக்கம். கடைசி 10 மீட்டரில் 2.4 மீட்டர் இறக்கம். மொத்தம் 30 மீட்டரில் 6 மீட்டர்.

படிவம் மூன்றில் படித்த டேன்ஜென்ட் இங்கே கைகொடுத்தது. நடுப்பகுதியில் 3ஐ 12ஆல் வகுத்தால் 0.25. அதற்குரிய கோணம் ஏறக்குறைய 14 பாகை. மொத்த நிலத்துக்கும் சேர்த்துப் பார்த்தால் 6ஐ 30ஆல் வகுத்து 0.2, அதாவது 11 பாகைக்குச் சற்று மேல். மலேசியாவில் சரிவு நிலங்களை நான்கு வகுப்புகளாகப் பார்ப்பது வழக்கம்: 15 பாகைக்குக் குறைவு, 15 முதல் 25, 25 முதல் 35, அதற்கு மேல். வகுப்பு ஏற ஏற, ஆய்வுகளும் நிபந்தனைகளும் கூடும். எங்கள் நிலம் முதல் வகுப்பில் இருந்தாலும் நடுப்பகுதி அதன் எல்லைக்குப் பக்கத்தில் இருந்தது.

பின்னர் நில அளவையாளர் தந்த வரைபடத்தில் சமஉயரக் கோடுகள் இருந்தன. புவியியல் பாடத்தில் பார்த்த அதே கோடுகள்தான். கோடுகள் நெருங்கியிருந்தால் தரை செங்குத்து, விலகியிருந்தால் சமதளம். சாலையருகே அவை விலகியிருந்தன. நடுவில் நெருங்கிக் கிடந்தன. குழாய் சொன்னதையே அந்தக் கோடுகளும் சொன்னதில் அப்பாவுக்கு ஒரே பெருமை.

மண்ணைக் கொட்டினால்?

பெரியப்பாவின் யோசனை எளிமையானது. “மண்ணக் கொட்டி ரோட்டு மட்டத்துக்கு ஏத்திடு. அப்புறம் நீ எப்படி வேணும்னாலும் கட்டலாம்.” அவருக்கு வாஸ்து நம்பிக்கையும் உண்டு. நிலம் மேற்கே தாழ்ந்திருப்பது நல்லதல்ல, கிழக்கே தாழ்ந்திருக்க வேண்டும் என்பது அவர் கவலை. மண்ணைக் கொட்டினால் அந்தக் குறையும் தீரும் என்றார்.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். நிலத்தைப் பக்கவாட்டில் வெட்டிப் பார்த்தால் மூன்று வடிவங்கள் கிடைக்கும். முதல் 8 மீட்டரில் சராசரி ஆழம் 0.3 மீட்டர். நடு 12 மீட்டரில் 2.1 மீட்டர். கடைசி 10 மீட்டரில் 4.8 மீட்டர். இவற்றின் பரப்பைக் கூட்டினால் 75.6 சதுர மீட்டர். அதை 18 மீட்டர் அகலத்தால் பெருக்கினால் ஏறத்தாழ 1,360 கன மீட்டர் மண். ஒரு லோரிக்கு 10 கன மீட்டர் என்றால் 136 லோரி. மண்ணை இறுக்கும்போது அது சுருங்கும் என்பதால் இன்னும் கூடுதலாகவே வேண்டும்.

மண்ணைவிடப் பெரிய செலவு அதைத் தாங்கும் சுவர். பின்புறம் 6 மீட்டர் உயரத்துக்குத் தடுப்புச் சுவர் எழுப்ப வேண்டும். அது ஏறக்குறைய இரண்டு மாடி உயரம். குத்தகையாளர் ஒருவர் அதற்குச் சொன்ன தொகை, நாங்கள் முழு வீட்டுக்கும் ஒதுக்கிய பணத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டியது.

ஏன் அவ்வளவு? இங்கே ஓர் இயற்பியல் விதி இருக்கிறது. சுவரின் பின்னால் இருக்கும் மண், ஆழம் கூடக்கூட அதிகமாகத் தள்ளும். அதனால் சுவர் மீதான மொத்தத் தள்ளுவிசை உயரத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடுகிறது. உயரம் இரண்டு மடங்கானால் விசை நான்கு மடங்கு. ஒரு கன மீட்டருக்கு 1.8 டன் எடையுள்ள சாதாரண மணல் கலந்த மண்ணுக்குக் கணக்கிட்டால், 6 மீட்டர் உயரச் சுவரின் ஒவ்வொரு மீட்டர் நீளத்திலும் ஏறக்குறைய 11 டன் தள்ளுவிசை வருகிறது. அந்த மண் முழுவதும் தண்ணீரில் ஊறி, தண்ணீர் வெளியேற வழியில்லாமல் நின்றால், விசை இரண்டு மடங்கைத் தாண்டிவிடும். தடுப்புச் சுவர்களில் சிறு சிறு துளைகள் விட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்தத் தண்ணீரை வெளியேற்றத்தான் அவை.

உலு கிள்ளானில் ஹைலண்ட் டவர்ஸ் அடுக்குமாடியின் ஒரு கட்டடம் 1993 டிசம்பர் 11ஆம் தேதி சரிந்து 48 பேர் உயிரிழந்ததைப் பற்றி எங்கள் விரிவுரையாளர்கள் அடிக்கடி சொல்வார்கள். தொடர்மழையில் கட்டடத்தின் பின்னால் இருந்த சரிவில் நீர் ஊறி மண் சரிந்தது. சரிவு நிலத்தில் வடிகால் எவ்வளவு முக்கியம் என்பதற்கு நம் நாட்டில் அதைவிடப் பெரிய பாடம் தேவையில்லை.

இதையெல்லாம் சொன்னதும் அப்பா மண் கொட்டும் யோசனையைக் கைவிட்டார். பெரியப்பாவுக்கு மட்டும் மனம் ஆறவில்லை. அப்போது பாட்டி குறுக்கிட்டார். “முருகன் மலைமேலதான குடியிருக்காரு. அவரு என்ன மண்ணக் கொட்டியா சமமாக்கினாரு? சாமி அறைய ஈசான்ய மூலையில வைங்க, போதும்.” பெரியப்பா சிரித்துவிட்டார்.

என் மூன்று தட்டு வீடு

மண் கொட்டாவிட்டால் வேறென்ன வழி? நிலம் இறங்குவதைப் போலவே வீடும் இறங்கட்டும் என்று நினைத்தேன். இணையத்தில் பார்த்த அழகான வீடுகள் எல்லாம் அப்படித்தான் இருந்தன. மூன்று தட்டுகள் போட்டேன். சாலை மட்டத்தில் வரவேற்பறையும் சாமி அறையும். அதற்கு ஒரு மீட்டர் கீழே சமையலறையும் சாப்பாட்டு இடமும். இன்னும் ஒரு மீட்டர் கீழே படுக்கையறைகள். வரவேற்பறையிலிருந்து பார்த்தால் வீடு முழுவதும் கீழே விரிந்து, கடைசியில் டுரியான் மரங்கள் தெரியும்.

நம் நாட்டுக் கட்டடங்களுக்கான 1984ஆம் ஆண்டுச் சீர்முறைக் கட்டடத் துணைச்சட்டங்களின்படி ஒரு படியின் உயரம் 180 மி.மீட்டரைத் தாண்டக்கூடாது. அப்படியென்றால் ஒரு மீட்டர் இறங்க 6 படிகள் வேண்டும். தட்டுக்குத் தட்டு 6 படிகள். “ஆறே படிதான்” என்று எல்லோரிடமும் சொன்னேன். அம்மாவுக்குப் பிடித்திருந்தது. தங்கை தன் அறையின் சன்னலை எந்தப் பக்கம் வைப்பது என்று கேட்க ஆரம்பித்துவிட்டாள்.

பாட்டியிடம் தாளைக் காட்டினேன். விரலால் கோடுகளைத் தடவிப் பார்த்தார். “நல்லா இருக்கு ராசா” என்றார். பிறகு, “எனக்கு மட்டும் தண்ணி குடிக்க ஒரு ஜக் கொண்டாந்து அறையில வச்சிடுங்க. நான் பாட்டுக்கு அங்கயே இருந்துக்குவேன்” என்றார்.

அவர் குறை சொல்லவில்லை. அதனால்தான் எனக்கு உடனே புரியவில்லை. இரவு படுத்த பிறகுதான் அந்தச் சொல் உறுத்தியது. பாட்டிக்கு இரண்டு முழங்கால்களிலும் தேய்மானம். இப்போது இருக்கும் வாடகை வீட்டில் வாசலில் இருக்கும் ஒரே படியைக் கூடச் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் ஏறுகிறார்.

பாட்டி நடந்த 19 முறை

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. ஒரு தாளை வைத்துக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்தேன். பாட்டி சமையலறைக்கும் கூடத்துக்கும் எத்தனை முறை போய் வருகிறார் என்று அவருக்குத் தெரியாமல் கோடு போட்டேன். விளக்கேற்ற, தேத்தண்ணி போட, மாத்திரை எடுக்க, அடுப்பைப் பார்க்க, பூ தொடுத்து வைக்க, யாரோ கூப்பிட்டார்கள் என்று. காலையிலிருந்து இரவு வரை 19 முறை போய் வந்தார்.

என் வரைபடத்தில் சமையலறைக்கும் கூடத்துக்கும் இடையே 6 படிகள். போக 6, வர 6. 19ஐ 12ஆல் பெருக்கினால் 228 படிகள். படுக்கையறைக்கும் குளியலறைக்கும் போவது இதில் சேரவில்லை. முழங்கால் தேய்ந்த ஒருவரை நாளொன்றுக்கு 228 படி ஏறி இறங்கச் சொல்லும் வீட்டை நான் வரைந்திருந்தேன். அவர் அந்தப் படிகளை ஏறி இறங்கப் போவதில்லை. அறையிலேயே இருந்துவிடுவார். விளக்கேற்றுவதையும் சமையலையும் விட்டுவிடுவார். அதைத்தான் அவர் ஒரு ஜக் தண்ணீரில் சொல்லியிருந்தார்.

அந்தத் தாளை அப்பாவிடம் காட்டினேன். வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். “புதுசா வரையலாம்” என்று மட்டும் சொன்னார்.

மழையில் பார்த்த நிலம்

புதிதாக வரையத் தொடங்குமுன் பாட்டி ஒரு யோசனை சொன்னார். “மழ பேயறப்ப ஒரு தடவ போயிப் பாருங்க. வெயில்ல எல்லா நெலமும் ஒண்ணு போலத்தான் இருக்கும்.”

பாட்டி இருபது ஆண்டுகளுக்கு மேல் மலைப்பாங்கான தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். மலைத் தோட்டங்களில் மரங்களை மேலிருந்து கீழாக நேர்கோட்டில் நடமாட்டார்கள். ஒரே உயரத்தில் மலையைச் சுற்றி வரும் படித்தட்டுகளில்தான் நிரைகள் ஓடும். அந்தத் தட்டுகள் மலைப்பக்கம் சற்றே உள்வாங்கிச் சரிந்திருக்கும். மழைநீர் விளிம்பைத் தாண்டி ஓடி மண்ணை அரிக்காமல் இருக்க அந்த ஏற்பாடு. “தண்ணிய மொதல்ல நிக்க வைக்கணும், அப்புறம் மெதுவா நடத்தணும்” என்று பாட்டி விளக்கினார். பாலிடெக்னிக்கில் நான் படித்த வடிகால் பாடத்தின் சுருக்கம் அது.

ஒரு பிற்பகல் மழை கனத்ததும் அப்பாவும் நானும் நிலத்துக்குப் போனோம். பாட்டியும் வருவேன் என்று அடம்பிடித்துக் காரிலேயே உட்கார்ந்திருந்தார். சாலையோர வடிகால் நிரம்பி, எங்கள் நிலத்தின் வடகிழக்கு மூலையில் வழிந்தது. அங்கிருந்து ஒரு சிற்றோடை போல, நாங்கள் கூடம் என்று குறித்து வைத்திருந்த இடத்தின் வழியாகவே குறுக்கே பாய்ந்தது. கீழே, தென்மேற்கு மூலையில், மண் சேறாகிக் கால் முழங்கால் வரை புதைந்தது.

வெயிலில் நான்கு முறை அந்த நிலத்துக்குப் போயிருக்கிறோம். இந்த இரண்டில் ஒன்றைக்கூட நாங்கள் கவனித்ததில்லை.

பிறகு மண் ஆய்வுக்காக மெக்கிந்தோஷ் புரோப் என்னும் கருவியைக் கொண்டு வந்தார்கள். ஓர் இரும்புக் கம்பியை 5 கிலோ சுத்தியலால் அடித்து மண்ணுக்குள் இறக்குவார்கள். ஒவ்வொரு 30 செ.மீ. இறங்குவதற்கும் எத்தனை அடி விழுகிறது என்று எண்ணுவார்கள். அடி கூடினால் மண் இறுக்கம், குறைந்தால் தளர்ச்சி. சேறாகிய அந்த மூலையில் ஏறக்குறைய 2 மீட்டர் ஆழத்துக்குக் கம்பி சுலபமாக இறங்கியது. எப்போதோ யாரோ கொட்டிய மண் அது. அங்கே வரும் தூண்களின் அடித்தளத்தை இன்னும் ஆழமாக, பழைய இறுகிய மண் வரை கொண்டுபோக வேண்டும் என்று பொறியாளர் சொன்னார்.

புதிய வரைபடம்

இப்போது எங்களிடம் இரண்டு விதிகள் இருந்தன. ஒன்று, பாட்டியின் ஒரு நாள் முழுவதும் படியில்லாமல் கழிய வேண்டும். இரண்டு, தண்ணீருக்கு முதலில் இடம் ஒதுக்கிவிட்டு மிச்ச இடத்தில்தான் வீடு. எந்த அறையை எங்கே வைப்பது என்ற ஒவ்வொரு சண்டையையும் இந்த இரண்டும் தீர்த்து வைத்தன.

பதிவு பெற்ற கட்டடக் கலைஞர் ஒருவரை அணுகினோம். அவர் எங்கள் தாளைப் பார்த்துவிட்டு, மண்ணை வெட்டுவதையும் கொட்டுவதையும் எவ்வளவு குறைக்கிறோமோ அவ்வளவு நல்லது என்றார். நம் கம்போங் வீடுகள் தூண்கள் மேல் நிற்பதை நினைவூட்டினார். பாங்கியில் ஜிம்மி லிம் வடிவமைத்த சாலிங்கர் இல்லத்தையும் குறிப்பிட்டார். மலைச்சரிவில் தூண்கள் மேல் மரத்தால் கட்டப்பட்ட அந்த வீடு 1998இல் ஆகா கான் கட்டடக்கலை விருது பெற்றது. எங்கள் வீடு கான்கிரீட் வீடுதான். ஆனால் தரையைத் தொட்டும் தொடாமலும் நிற்கும் அந்தக் கருத்தை எடுத்துக்கொண்டோம்.

முடிவான அமைப்பு இது. வீடு சாலையிலிருந்து 7 மீட்டர் தள்ளித் தொடங்குகிறது. அகலம் 10 மீட்டர், நீளம் 12 மீட்டர். மேல்தளம் சாலையைவிட 150 மி.மீ. மட்டுமே உயரம். சாலையிலிருந்து வாசலுக்குப் படி கிடையாது. 12 பங்கு நீளத்துக்கு 1 பங்கு உயரம் என்ற கணக்கில் 1.8 மீட்டர் நீளச் சாய்தளம். சக்கர நாற்காலிக்கும் ஏற்ற சாய்வு அது.

மேல்தளத்தில் கூடம், சாமி அறை, சமையலறை, பாட்டியின் அறை, அப்பா அம்மா அறை, ஒரு குளியலறை. எல்லாம் ஒரே மட்டம். சாமி அறை வடகிழக்கில், சமையலறை தென்கிழக்கில் அமைந்ததில் பெரியப்பாவுக்கும் திருப்தி. பாட்டியின் அறைக்குப் பக்கத்திலேயே குளியலறை. கதவுகள் 900 மி.மீ. அகலம். குளியலறை வாசலில் தடுக்கும்படி எதுவும் இல்லை, சுவரில் பிடிமானக் கம்பி உண்டு.

பாட்டியின் அறை 12 சதுர மீட்டர். துணைச்சட்டப்படி வெளிச்சம் வரும் திறப்பு தரைப்பரப்பில் குறைந்தது பத்தில் ஒரு பங்கும், காற்று வரும் திறப்பு இருபதில் ஒரு பங்கும் இருக்க வேண்டும். அதாவது 1.2 சதுர மீட்டரும் 0.6 சதுர மீட்டரும். நாங்கள் அதைவிடப் பெரிய சன்னல் வைத்தோம். அந்த அறையை வடக்குச் சுவரை ஒட்டி வைத்ததற்கும் காரணம் உண்டு. நம் நாட்டில் சூரியன் ஏறக்குறைய உச்சி வழியாகவே கிழக்கிலிருந்து மேற்குக்குப் போகிறது. மேற்குச் சுவர்தான் பிற்பகல் வெயிலை முழுதாக வாங்கும். அதனால் மேற்குப் பக்கம் கூரையை ஒரு மீட்டர் நீட்டினோம். டுரியான் மரங்களை வெட்டவில்லை. அவை நிழலும் தரும், வேரால் மண்ணையும் பிடித்துக்கொள்ளும்.

வீட்டின் பின்பாதியில் தரை தாழ்ந்துவிடுவதால் மேல்தளத்துக்குக் கீழே இயல்பாகவே இடம் கிடைத்தது. அங்கே கீழ்த்தளம். எனக்கும் தங்கைக்கும் ஆளுக்கொரு அறை, படிக்கும் இடம், ஒரு குளியலறை. கீழ்க் குளியலறை மேலே இருப்பதற்கு நேர்கீழாக வருவதால் குழாய்களின் நீளம் குறைந்தது. இரண்டு தளங்களுக்கும் இடையே 3 மீட்டர். 17 படிகள், ஒவ்வொன்றும் ஏறக்குறைய 176 மி.மீ. உயரம்.

கீழ்த்தளத்துக்காக மண்ணை வெட்டியது மேல்விளிம்பில் வெறும் ஒரு மீட்டர் ஆழம். அங்கே ஒரு மீட்டர் உயரத் தடுப்புச் சுவர் போதும். முன்பு சொன்ன இருமடி விதியைப் போட்டுப் பாருங்கள். 6 மீட்டர் சுவரோடு ஒப்பிட்டால் அதன் மீதான தள்ளுவிசை 36இல் ஒரு பங்கு. எங்கள் பணம் மிச்சமானது அங்கேதான்.

விட்டுக்கொடுத்ததும் உண்டு. அப்பா ஆசைப்பட்ட சமதரைப் பின்முற்றம் இல்லை. நான் கனவு கண்ட தட்டுத் தட்டான கூடம் இல்லை. தென்மேற்கு மூலையின் ஆழமான அடித்தளத்துக்காக, மூன்றாவது குளியலறையை அம்மா விட்டுக்கொடுத்தார்.

தண்ணீருக்கு வழி

கூரையின் பரப்பு 168 சதுர மீட்டர். ஒரு சதுர மீட்டரில் 1 மி.மீ. மழை பெய்தால் 1 லிட்டர். ஒரு மணி நேரத்தில் 60 மி.மீ. மழை கொட்டினால் கூரையிலிருந்து மட்டும் 10,000 லிட்டருக்கு மேல் இறங்கும். அதைக் கண்டபடி சரிவில் விட்டால் எங்கள் மண் அரிக்கும். கீழே இருக்கும் அண்டை வீட்டார் நிலத்துக்கும் போகும். நம் தண்ணீரை அடுத்தவர் தலையில் கொட்ட நமக்கு உரிமையில்லை.

அதனால் நான்கு ஏற்பாடுகள். சாலைநீர் உள்ளே வராதபடி நுழைவாயிலில் இரும்புக் கம்பித் தட்டு போட்ட குறுக்கு வடிகால். வடகிழக்கு மூலையில் வழியும் நீரைப் பிடித்து, வீட்டின் வடக்குப் பக்கம் விட்டிருக்கும் 4 மீட்டர் இடத்தின் வழியாகக் கீழே இறக்கும் படி வடிகால். படிப்படியாக விழும்போது நீரின் வேகம் உடையும். கூரைநீரின் ஒரு பகுதியைச் சேமிக்க ஒரு தொட்டி. மீதி நீர் சேற்றை வடிக்கும் குழியில் தங்கிப் பிறகு பொது வடிகாலில் சேரும். வெறும் சரிவில் வெட்டிவேர் நடுவது நான்காவது. அதன் வேர் பக்கவாட்டில் பரவாமல் நேராக 3 மீட்டர் வரைகூட இறங்கும். ஆங்கிலத்திலும் அதன் பெயர் நம் தமிழ்ச் சொல்லிலிருந்து போனதுதான்.

மாணவ நண்பர்களுக்கு

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். நாங்கள் வரைந்தது யோசனை மட்டுமே. 1974ஆம் ஆண்டு சாலை, வடிகால், கட்டடச் சட்டத்தின்படி கட்டட வரைபடத்துக்கும் மண் வேலைக்கும் ஊராட்சி மன்றத்தின் அனுமதி வேண்டும். தகுதி பெற்றுப் பதிவு செய்தவர்கள்தான் அவற்றில் கையெழுத்திட முடியும். அனுமதிக்கு முன் ஒரு கூடை மண்ணைக்கூட நாங்கள் தொடவில்லை. நில அளவை, கட்டடக்கலை, கட்டமைப்புப் பொறியியல், மண்ணியல் பொறியியல் என்று இந்த ஒரு வீட்டுக்குப் பின்னால் எத்தனை துறைகள் இருக்கின்றன என்று பாருங்கள். எஸ்.பி.எம். முடித்து என்ன படிப்பது என்று யோசிப்பவர்கள் இவற்றையும் எண்ணிப் பார்க்கலாம்.

புது வீடு கட்டாவிட்டாலும் செய்து பார்க்க இரண்டு வேலைகள் உண்டு. அடுத்த கனமழையில் குடை பிடித்து வீட்டைச் சுற்றி வந்து, தண்ணீர் எங்கிருந்து வந்து எங்கே போகிறது என்று ஒரு தாளில் அம்புக்குறி போடுங்கள். இடி மின்னல் என்றால் உள்ளேயே இருந்து சன்னல் வழியாகப் பாருங்கள். ஒரு விடுமுறை நாளில், வீட்டில் மூத்தவர் எத்தனை படி ஏறுகிறார், எங்கே சுவரைப் பிடிக்கிறார் என்று எண்ணுங்கள். எங்கே ஒரு கைப்பிடி தேவை, எந்தப் பொருளை இடம் மாற்றலாம் என்பது உங்களுக்கே தெரிந்துவிடும்.

எங்கள் வீட்டுக்கு இன்னும் சுவர் எழும்பவில்லை. மேல்தளக் கான்கிரீட் போட்டு, அடியில் கொடுத்திருந்த முட்டுகளை எடுத்த பிறகு, கடந்த வாரம் பாட்டியை அழைத்துப் போனோம். கைத்தடியை ஊன்றிச் சாய்தளத்தில் ஏறி, சுண்ணாம்பால் கோடு போட்டிருந்த தன் அறைக்குள் போய் நின்றார். சமையலறை எங்கே என்று கேட்டார். காட்டினேன். அங்கே நடந்து போனார். அங்கிருந்து சாமி அறைக் கோட்டுக்குள் போய் நின்று கும்பிட்டார். மறுபடியும் சமையலறைக்கு வந்தார்.

“தூரம் சரியாத்தான் இருக்கு” என்றார்.